இணையம் நின்றாலும் வை-ஃபை நிற்காமல் இருக்க: பருவமழைக்கு முன் செய்ய வேண்டிய ஏற்பாடுகள்

வீட்டுக்குள் ரவுட்டர் உருவாக்கும் வை-ஃபை வலையமைப்பும், தெருவிலிருந்து ஃபைபர் வழியாக வரும் இணைய இணைப்பும் தனித்தனி ஏற்பாடுகள். இணைப்பு அறுந்தாலும் வலையமைப்பு தன் வேலையைச் செய்துகொண்டிருக்க முடியும். மடிக்கணினியிலிருந்து பிரிண்ட் எடுக்கலாம், சிசிடிவி கேமராவின் பதிவு தொடரலாம், சிறு அலுவலகமாக இருந்தால் ஒரு கணினியில் இருக்கும் கணக்குக் கோப்புகளை மற்றக் கணினிகளில் வழக்கம்போலத் திறந்து வேலை பார்க்கலாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தபோதும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோதும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் நின்றபோதும் மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போயின. அத்தகைய நாள்களில் வெளியுலகத் தொடர்பை மீட்பது நம் கையில் இல்லை. வீட்டுக்குள் இருக்கும் வலையமைப்பைக் காப்பாற்றுவது நம் கையில் இருக்கிறது.

இந்த வழிகாட்டி அதைப் பற்றியதுதான். ஆனால் வலையமைப்பை ஓட வைப்பதோடு வேலை முடிவதில்லை. இணையம் இல்லாத பதற்றத்தில் கடவுச்சொல்லை எடுத்துவிடுவது, ரவுட்டரை ரீசெட் செய்துவிடுவது, பெயர் தெரியாத வை-ஃபையில் போய்ச் சேருவது என்று நாம் எடுக்கும் அவசர முடிவுகள்தாம் பாதுகாப்பைக் குலைக்கின்றன. அந்த அவசரமே வராதபடி முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்பதே இங்கே நான் வலியுறுத்த விரும்புவது.

எது பழுது என்பதை விளக்குகள் சொல்லும்

ஃபைபர் வந்து சேரும் பெட்டியைப் பலர் மோடம் என்பார்கள்; இணைய நிறுவனத்தார் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்பார்கள். அதன் முகப்பில் இருக்கும் விளக்குகளில் இரண்டை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டால் போதும். எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, ஃபைபரில் ஒளி வரவில்லை என்று பொருள். கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு முனை கழன்றிருக்கிறது. பிஓஎன் என்ற விளக்கு விடாமல் மின்னிக்கொண்டே இருந்தால், நிறுவனத்தின் கருவியோடு உங்கள் பெட்டி இன்னும் கைகோக்கவில்லை என்று பொருள். இரண்டும் சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம்தான் இருக்கும்.

அடுத்து, உலாவியில் ரவுட்டரின் முகவரியை அடித்துப் பாருங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் திறந்தால் உங்கள் வலையமைப்பு நலமாக இருக்கிறது. திறக்காமல், கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி கிடைத்திருந்தால், ரவுட்டர் முகவரி வழங்கும் வேலையைச் செய்யவில்லை. அப்போது ஒருமுறை மின்னிணைப்பைத் துண்டித்து அரை நிமிடம் கழித்துக் கொடுக்கலாம்.

ஆனால் ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். ஊசி நுழையும் அளவுக்குப் பெட்டியின் பின்புறம் இருக்கும் அந்தச் சிறு துளையைப் பத்து நொடி அழுத்திப் பிடித்தால், இணைய நிறுவனம் தந்த பயனர்பெயர், நீங்கள் வைத்த வை-ஃபை பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துபோய்ப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். சில பழைய ரவுட்டர்கள் அந்த நிலையில் கடவுச்சொல்லே இல்லாமல் வை-ஃபையைத் திறந்துவிடும். வேறு சிலவற்றில் நிர்வாகப் பக்கத்தின் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லாகிவிடும். அச்சொல்லைத் தெரியாதவர் எவரும் இல்லை. தெருவில் அறுந்த ஃபைபரை ரீசெட் ஒட்டவைக்காது; வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த வலையமைப்பையும் சேர்த்து நிறுத்திவிடுவதுதான் அதனால் கிடைக்கும் பலன். தொலைபேசியில் உதவி மையத்தார் சொன்னாலும், ரவுட்டர் அமைப்புகளின் நகலை முன்பே எடுத்துவைத்திருந்தால் மட்டும் செய்யுங்கள். நிர்வாகப் பக்கத்தில் ‘பேக்கப்’ என்ற பிரிவில் அந்த நகலைக் கோப்பாக இறக்கிக்கொள்ள முடியும். இணைய நிறுவனத்தின் பயனர்பெயர், வாடிக்கையாளர் எண், உதவி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அலமாரியின் உட்புறம் வையுங்கள். மேகக்கணியில் சேமித்த குறிப்பு அன்றைக்குத் திறக்காது.

மின்சாரம்

வை-ஃபை நிற்பதற்கு முதல் காரணம் மின்தடையே. பெரிய நிறுவனங்கள் தரும் ஜிபான் வகை ஃபைபரில், அவர்களுடைய நிலையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒளியைப் பிரிக்கும் கருவிகளுக்கு மின்சாரமே தேவையில்லை. ஆகவே தெரு முழுவதும் இருட்டாக இருந்தாலும், நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடி, உங்கள் வீட்டில் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் இருந்தால் இணையமும் தொடர்ந்து வரக்கூடும். உள்ளூர் கேபிள்காரர் வழியாக வரும் இணைப்புகளில் சில இப்படியல்ல. நடுவில் யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ கம்பத்திலோ ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும், அந்தத் தெருவுக்கு மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். உங்கள் இணைப்பு எந்த வகை என்று அவரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் வாங்கும்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். உறையில் 10,000 எம்ஏஎச் என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல்களின் அளவு. 12 வோல்ட்டில் கிடைக்கும் அளவன்று. 10,000 எம்ஏஎச் என்பது 10 ஆம்பியர்-மணி; அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 37 வாட்-மணி வரும். மின்னழுத்தத்தை உயர்த்துவதில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் ஏறத்தாழ 30 வாட்-மணி கையில் நிற்கும். ஓஎன்டியும் ரவுட்டரும் சேர்ந்து 10 வாட் எடுத்தால் மூன்று மணி நேரம் ஓடும். அடாப்டரில் எழுதியிருக்கும் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது உச்ச அளவு. சாதாரணமாக அதில் பாதியைத்தான் கருவி எடுக்கும். வோல்ட் அளவு மட்டும் அப்படியே பொருந்த வேண்டும். 9 வோல்ட் கருவிக்கு 12 வோல்ட் கொடுத்துவிடக் கூடாது. முனையின் நடுப்பகுதி நேர்முனையா என்பதையும் அடாப்டரில் இருக்கும் குறியோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் செலவே இல்லை. 150 ஆம்பியர்-மணி கொண்ட 12 வோல்ட் பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. பழைய வகைக் கூரை விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். அதை ஒரு மணி நேரம் நிறுத்தினால் ரவுட்டரும் ஓஎன்டியும் ஏழு மணி நேரம் ஓடுவதற்கான மின்சாரம் மிஞ்சும். ஆனால் மின்சாரம் போகும் ஒவ்வொரு முறையும் ரவுட்டர் அணைந்து எரிகிறதா என்று கவனியுங்கள். பல இன்வெர்ட்டர்களில் ‘யுபிஎஸ்’ என்றும் ‘நார்மல்’ என்றும் இரு நிலை கொண்ட ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் மாற்றத்துக்கு நேரம் அதிகமாவதால் ரவுட்டர் மறுபடி தொடங்கும், யுபிஎஸ் நிலையில் வைத்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை தீரும். கஜாவுக்குப் பின் டெல்டா கிராமங்கள் பலவற்றில் நடந்ததுபோல நாள்கணக்கில் மின்சாரம் இல்லையென்றால், சிறு சூரியத் தகடும் பேட்டரியும் வேண்டும். அந்தப் பேட்டரியை ரவுட்டரில் நேரே சொருகாதீர்கள். 12 வோல்ட் பேட்டரி என்பது மின்னேற்றத்தின்போது 14 வோல்ட்டுக்கும் மேலே போகும், தீரும்போது 11க்கும் கீழே இறங்கும். நடுவில் 12 வோல்ட்டை நிலையாகத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் ஒன்று தேவை.

தண்ணீர் புகும் பகுதியில் இருப்பவர்கள் ரவுட்டர், யுபிஎஸ், பவர்-ஸ்டிரிப் மூன்றையும் ஆள் உயரத்துக்கு மேல் வைக்க வேண்டும். மாடி மேலாகச் செம்பு லேன் கம்பி வீட்டுக்குள் வருகிறதென்றால், இடி மின்னலின்போது அதைக் கழற்றிவிடுங்கள். ரவுட்டரைக் கெடுக்கும் மின்னெழுச்சி பல நேரங்களில் அந்தக் கம்பி வழியாகத்தான் வருகிறது.

வெளியை நம்பாத வலையமைப்பு

இணைய நிறுவனம் தந்த பெட்டியிலேயே வை-ஃபையும் இருந்தால், அந்தப் பெட்டியின் கட்டுப்பாடு பாதி அவர்களிடம் இருக்கிறது. அதற்குப் பின்னால் உங்களுக்கென்று ஒரு ரவுட்டரை வைத்து, வீட்டுக் கருவிகள் அனைத்தையும் அதிலேயே இணைப்பது என் தேர்வு. ஓஎன்டி பழுதானாலும், அதை மாற்றினாலும், நிறுவனத்தையே மாற்றினாலும் வீட்டின் வை-ஃபை பெயரும் கடவுச்சொல்லும் முகவரிகளும் மாறாமல் இருக்கும். வாங்கும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: அமைப்புகளை உலாவியில் நேரடியாகத் திறந்து மாற்ற முடியுமா, அல்லது நிறுவனத்தின் செயலியும் மேகக்கணிக் கணக்கும் கட்டாயமா? பல பெட்டிகளை வைத்து வீடு முழுவதும் வை-ஃபை பரப்பும் மெஷ் வகைக் கருவிகளில் சில இரண்டாவது வகை. இணையம் இல்லாத நாளில் அவற்றில் ஒரு கடவுச்சொல்லைக்கூட மாற்ற முடியாமல் போகலாம்.

பிரிண்டர், கேமரா பதிவுப்பெட்டி, கோப்புகள் இருக்கும் கணினி ஆகியவற்றுக்கு ரவுட்டரில் நிலையான முகவரியை ஒதுக்கிவையுங்கள். மின்சாரம் போய் வந்த பிறகு பிரிண்டர் காணாமல்போவது பெரும்பாலும் அதற்குப் புது முகவரி கிடைத்துவிடுவதால்தான். பெயரால் அழைக்க வேண்டுமென்றால், கருவியின் பெயரோடு புள்ளியும் ‘லோக்கல்’ என்ற ஆங்கிலச் சொல்லும் சேர்த்து அடித்தால் இணையம் இல்லாமலேயே பெரும்பாலான கருவிகள் அகப்படும்.

எளிதில் கண்ணில் படாத ஒரு சிக்கல் கடிகாரம். பல ரவுட்டர்களிலும், ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் 5ஆம் தலைமுறைக்கு முந்தைய பலகைகளிலும் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் இணையத்தில் நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். இணையம் இல்லாமல் தொடங்கினால் பழைய தேதியிலேயே நின்றுவிடும். அப்போது ஒரு தளமோ கருவியோ உண்மையானதுதானா என்று உலாவி சரிபார்க்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும், கேமரா பதிவுகள் தவறான நாளில் பதிவாகும், குழந்தைகளுக்காக வைத்த நேரக் கட்டுப்பாடுகள் தாறுமாறாகும். நிர்வாகப் பக்கத்தில் கையால் தேதியைத் திருத்தும் இடம் எங்கே இருக்கிறது என்று இப்போதே பார்த்துவையுங்கள். சான்றிதழ் எச்சரிக்கை வந்தால் ‘பரவாயில்லை, தொடர்க’ என்று அழுத்தும் பழக்கம் மட்டும் கூடாது. முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று அறிய ஒரே வழி சோதித்துப் பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓஎன்டிக்கும் உங்கள் ரவுட்டருக்கும் நடுவில் இருக்கும் லேன் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். ஃபைபர் முனையைக் கழற்ற வேண்டாம்; அதன் நுனியில் தூசி படிந்தால் ஒளி குறைந்து உண்மையிலேயே இணைப்புக் கெட்டுவிடும். அந்த ஒரு மணி நேரத்தில் பிரிண்ட் எடுங்கள், கேமராவை உள்ளூர் முகவரியில் திறங்கள், கோப்பொன்றைக் கணினியிலிருந்து கைப்பேசிக்கு அனுப்புங்கள். வேலை செய்யாதவற்றைக் குறித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்.

கைப்பேசிகள் செய்யும் குழப்பம்

இணையம் போனதும் ‘வை-ஃபையே வேலை செய்யவில்லை’ என்று வீட்டில் சொல்வதற்குக் கைப்பேசியின் ஒரு நடத்தை காரணம். ஆண்ட்ராய்டு கைப்பேசி வை-ஃபையில் சேர்ந்தவுடன் கூகுளின் ஒரு முகவரிக்குச் சிறு வினவலை அனுப்பும். 204 என்ற பதில் வந்தால்தான் இணையம் இருப்பதாக நம்பும். வராவிட்டால் வை-ஃபையில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் மொபைல் டேட்டா வழியாக அனுப்பத் தொடங்கிவிடும். 192.168 என்று தொடங்கும் உள்ளூர் முகவரியை மொபைல் டேட்டாவில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கேமராவும் பிரிண்டரும் இல்லாததுபோலத் தோன்றும். ‘இந்த நெட்வொர்க்கில் இணையம் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?’ என்று கைப்பேசி கேட்கும்போது ஆம் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் அந்த வேலை முடியும்வரை மொபைல் டேட்டாவை அணைத்துவையுங்கள். ஐபோனில் மொபைல் டேட்டா அமைப்புகளின் அடியில் இருக்கும் ‘வை-ஃபை அசிஸ்ட்’ என்பதை நிறுத்திவைக்கலாம். விண்டோஸ் கணினி ‘இணையம் இல்லை, பாதுகாப்பானது’ என்ற குறிப்பைக் காட்டினால் அஞ்ச வேண்டாம். அதுவே நமக்கு வேண்டிய நிலை.

பூட்டு தளராமல்

வை-ஃபை பாதுகாப்பை, இணைப்பைப் பூட்டும் முறைகளில் புதியதான டபிள்யூபிஏ3 நிலையில் வையுங்கள். பழைய கருவிகள் இருந்தால் டபிள்யூபிஏ2-வும் 3-உம் கலந்த நிலை போதும். டபிள்யூபிஎஸ் என்ற, பொத்தானை அழுத்தியோ எட்டிலக்க எண்ணைக் கொடுத்தோ சேரும் வசதியை அணைத்துவிடுங்கள்; அந்த எட்டு இலக்கங்களை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் ஏறத்தாழ 11,000 முயற்சிகளிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. நிர்வாகப் பக்கத்துக்கு வை-ஃபை கடவுச்சொல்லிலிருந்து வேறுபட்ட கடவுச்சொல் வேண்டும். வெளியிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதியை மூடுங்கள். ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரின் புதுப்பிப்பைச் செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த பிறகு, பாதியில் மின்சாரம் போகக்கூடிய நேரத்தில் அதைத் தொடங்கினால் ரவுட்டரே பயனற்றுப்போகலாம்.

மின்தடை நேரத்துக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. உங்கள் ரவுட்டர் அணைந்திருக்கும்போது, அதே பெயரில் வேறொருவர் வை-ஃபையைக் கிளப்பினால் உங்கள் கைப்பேசி தானாகவே அதில் சேர முயலும். டபிள்யூபிஏ2-இல் கடவுச்சொல் தெரியாமல் அவரால் இணைப்பை முடிக்க இயலாது. ஆனால் அந்த முயற்சியில் பரிமாறப்படும் தகவலைப் பதிவுசெய்துகொண்டு, பிறகு சாவகாசமாகக் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க முடியும். கைப்பேசி எண்ணும் பிறந்தநாளும் அந்த ஊகத்தில் விரைவில் சிக்கிவிடும். தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட கடவுச்சொல் சிக்காது. டபிள்யூபிஏ3 இத்தகைய ஊகத்துக்கே இடம் கொடுப்பதில்லை. கடவுச்சொல் இல்லாத திறந்த வை-ஃபைகளை, ரயில் நிலையமோ உணவகமோ எதுவாயினும், கைப்பேசியின் சேமித்த பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அவற்றின் பெயரை யார் வைத்தாலும் கைப்பேசி கேள்வியின்றிச் சேர்ந்துவிடும்.

‘தம்பி, எங்க வீட்டுல நெட்டே இல்ல, உங்க பாஸ்வேர்டு கொஞ்சம் குடுப்பா’ என்று பக்கத்து வீட்டு அக்கா வந்து நிற்கும்போது மறுப்பது நம் ஊரில் நடக்கிற காரியமன்று, மறுக்கவும் வேண்டியதில்லை. அதற்குத்தான் விருந்தினர் வை-ஃபை. வேறு பெயர், வேறு கடவுச்சொல், அதில் சேர்பவர்களுக்கு உங்கள் கணினியும் கேமராவும் தெரியாதபடி ‘ஐசோலேஷன்’ அமைப்பு என்று முன்பே ஆயத்தம் செய்து அணைத்துவைத்திருந்தால், தேவைப்படும் நாளில் ஒரு பொத்தானில் திறந்துவிடலாம். உதவியும் நடக்கும், உங்கள் முதன்மைக் கடவுச்சொல்லும் தெருவெல்லாம் பரவாது.

மாற்று இணைப்பு

ஃபைபர் போனால் சிம் வழியாக இணையம் பெறுவது இன்று எளிது. ஆனால் ஒவ்வொருவரும் தத்தம் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் திறப்பதைவிட, யுஎஸ்பி துளை உள்ள ரவுட்டராக இருந்தால் ஒரு கைப்பேசியையோ, சிம் போட்டுச் செருகும் 4ஜி டாங்கிளையோ அதிலேயே இணைப்பது நல்லது. எல்லாக் கருவிகளும் பழைய வை-ஃபையிலேயே இருக்கும், ரவுட்டரின் தடுப்புச்சுவரும் வடிகட்டிகளும் தொடர்ந்து காக்கும். வாங்குமுன் உங்கள் ரவுட்டர் அதை ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். யுஎஸ்பி துளை இருந்தும் பென்டிரைவை மட்டும் ஏற்பவை உண்டு. சிம், ஃபைபர் தரும் நிறுவனத்தினுடையதாக இல்லாமல் வேறு நிறுவனத்தினுடையதாக இருக்கட்டும். ஹாட்ஸ்பாட் தவிர வேறு வழியில்லையென்றால் அதன் பெயரில் உங்கள் சொந்தப் பெயர் தெரியாதபடி மாற்றி, கடவுச்சொல்லையும் நீளமாக வையுங்கள். சிம்முக்கு மாறியதும் புகைப்படங்களின் தானியங்கிச் சேமிப்பையும் விண்டோஸ் புதுப்பிப்பையும் நிறுத்த மறந்தால் ஒரு நாள் டேட்டா ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கைப்பேசிக் கோபுரங்களும் பேட்டரியில் சில மணி நேரமே தாங்குகின்றன என்பதால், இந்த வழியையே முழுமையாக நம்பியிருக்கவும் முடியாது.

கோபுரமும் ஓய்ந்த பிறகு உள்ளூர் வலையமைப்பில் என்ன செய்யலாம் என்பவர்களுக்கு மூன்று இலவச மென்பொருள்களைச் சொல்வேன். லோக்கல்சென்ட், ஒரே வை-ஃபையில் இருக்கும் கருவிகளுக்கிடையே கோப்புகளை மறையாக்கம் செய்து அனுப்பும். சிங்க்திங், இரு கணினிகளின் கோப்புறைகளை இணையமின்றியே ஒத்திசைக்கும். கிவிக்ஸ், தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் முன்கூட்டியே இறக்கிவைத்து வீட்டிலுள்ள எல்லோரும் உலாவியில் படிக்கத் தரும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதற்கு ஈடில்லை. மூன்றையும் இணையம் இருக்கும்போதே நிறுவி, ஒருமுறை பயன்படுத்திப் பழகியிருக்க வேண்டும்.

இணையம் திரும்பியதும், நிறுத்திவைத்த சேமிப்புகளையெல்லாம் ஒரே நேரத்தில் தொடங்காமல் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். கடிகாரம் திருந்தியிருக்கிறதா என்று பாருங்கள். நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து, அடையாளம் தெரியாத ஒன்று இருந்தால் முதன்மைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். ரவுட்டரில் செருகிய கைப்பேசியையோ டாங்கிளையோ கழற்றி, விருந்தினர் வை-ஃபையின் கடவுச்சொல்லையும் மாற்றி, அதை மறுபடி அணைத்துவையுங்கள்.